விலகிப் போகும் கரை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரின் இலகு ரயில் தடம் 2008 டிசம்பரில் ஓடத் தொடங்கியபோது 50ஆம் தெருவில் நிறுத்தம் கிடையாது. அந்தத் தெருவை ஒட்டித்தான் எபிலிட்டி360 வளாகம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகள் பல அங்கே ஒரே இடத்தில் இயங்குகின்றன. 2011இல் நீச்சல்குளமும் ஏறுசுவரும் கொண்ட ஒரு விளையாட்டு மையமும் அங்கே திறந்தது. அங்கு போகிறவர்கள் தள்ளியிருந்த நிறுத்தத்தில் இறங்கி, கொதிக்கும் நடைபாதையில் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது. அதற்காகவே, ஓடிக்கொண்டிருந்த தடத்தின் நடுவில் 2019இல் ஒரு புதிய நிறுத்தம் சேர்க்கப்பட்டது. அங்கிருந்து கிழக்கே சில நிறுத்தங்கள் போனால் ரயில் ஒரு பாலத்தில் ஏறும். கீழே சுமார் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்ணீர். டெம்பி டவுன் லேக். மேலே கட்டிய அணைகளால் வறண்டுபோன சால்ட் ஆற்றின் படுகையில், ரப்பர் தடுப்பணைகளை ஊதி நிறுத்தி 1999இல் நிரப்பிய ஏரி. 2010 ஜூலையில் ஒரு ரப்பர் தடுப்பு கிழிந்து ஏரி ஒரே இரவில் வடிந்துபோனது. இப்போது இரும்புக் கதவுகள் நிற்கின்றன. பாலைவனத்தில் இருந்தாலும் இந்த ஏரிக்கு ஒரு தனிக்குணம் உண்டு: சாதாரண நாட்களில் இதன் நீர்மட்டம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. நேற்று சக்கர நாற்காலி இறங்கிய சரிவு இன்றும் அதே சரிவுதான். அரிசோனா, நெவாடா பாலைநிலத்தின் மற்ற ஏரிகளுக்குப் போகும்போது இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளின் நீர்விளையாட்டு என்றதும் பேச்சு இரண்டு பக்கம் போய்விடுகிறது. ஒரு பக்கம் கருவிகள்: புதுவகைக் கயாக், உட்கார்ந்து சறுக்கும் பலகை. இன்னொரு பக்கம் மனவலிமை: அவர் எப்படித் துணிந்தார், எப்படி வென்றார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் தடை இருப்பது கருவியிலும் இல்லை, மனதிலும் இல்லை; தரை முடிந்து தண்ணீர் தொடங்கும் அந்தச் சில அடிகளில் இருக்கிறது என்பதுதான் இந்த ஏரிகள் காட்டும் உண்மை. தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் எல்லோரும் சமம் என்று பலர் உருக்கமாகச் சொல்வதுண்டு. அதை நான் ஏற்கவில்லை. பாராலிம்பிக்கில் 2016 ரியோவில் தொடங்கிய பாரா கயாக் போட்டிகளில் வீரர்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார்கள். துடுப்பு போடுவது தோளின் வேலை மட்டுமல்ல. இடுப்பும் வயிறும் முதுகும் சேர்ந்து திரும்ப வேண்டும், கால் உதைக்க வேண்டும். அவற்றில் எது எவ்வளவு இயங்குகிறது என்பதைப் பொறுத்து வேகம் மாறுகிறது. தண்ணீர் உடலின் வேறுபாட்டை அழித்துவிடுவதில்லை. அது செய்வது வேறொன்று: தண்ணீரின் மேல் யாராலும் நடக்க முடியாது. கால் நன்றாக இருப்பவரும் ஏதோ ஒன்றில் ஏறி உட்கார்ந்துதான் போயாக வேண்டும். எல்லோரும் ஊர்தியில் போகும் இடத்தில், நடக்க முடியாதவரின் பிரச்சினை உட்காரும் விதத்தைப் பற்றிய பிரச்சினையாகச் சுருங்கிவிடுகிறது. அதற்குத் தீர்வு எப்போதோ வந்துவிட்டது.

உட்கார்ந்து தண்ணீர்ச் சறுக்கு செல்லும் பலகையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது புரியும். அகலமான ஒரு சறுக்குப் பலகை; அதன்மேல் அலுமினியக் குழாயால் ஒரு கூண்டு; கூண்டில் தொய்வாகக் கட்டிய துணி இருக்கை. முழங்காலை மடித்து உட்கார்ந்தால் இடுப்பு இறுக்கமாகப் பொருந்தும். ஆனால் வார் போட்டுக் கட்டுவதில்லை. கவிழ்ந்தால் ஆள் தானாக வெளியே வந்துவிட வேண்டும் என்பதே இதன் முதல் விதி. கயிற்றைப் பிடிக்கும் வலு கையில் இல்லாதவருக்குப் பலகையின் மூக்கிலுள்ள பள்ளத்தில் கயிற்றின் பிடியை மாட்டிவிடுவார்கள். ஏதாவது தவறினால் படகில் இருக்கும் கவனிப்பாளர் கயிற்றை அந்த நொடியே விடுவிப்பார். தேவைப்பட்டால் இரண்டு பக்கமும் மிதவைக் கைகள், அருகிலேயே சறுக்கி வரும் துணையாட்கள். அவ்வளவுதான். இதில் வியக்க ஒன்றுமில்லை. நல்ல தச்சனும் நல்ல தையல்காரரும் சேர்ந்தால் செய்துவிடக்கூடிய வேலை. இங்கிலாந்தின் ஹிலாரி லிஸ்டர் கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவராக இருந்தார். வாயால் ஊதியும் உறிஞ்சியும் இயக்கும் குழல்களைக் கொண்டு பாயையும் சுக்கானையும் நடத்தி, 2009இல் தனியாகப் பிரிட்டனைச் சுற்றிப் பாய்மரப் படகில் வந்தார். கடலைச் சமாளிக்க அவருக்குச் சில குழல்கள் போதுமாயிருந்தன. கரையில் படகுக்குள் ஏறவும் இறங்கவும் ஒரு குழுவே தேவைப்பட்டது. அந்த வேறுபாடு இந்தக் கட்டுரைக்கு முக்கியம்.

ஃபீனிக்ஸிலிருந்து வடகிழக்கே 80 கிலோமீட்டர் அளவில் பார்ட்லெட் ஏரி. கேர்ஃப்ரீ ஊரைத் தாண்டியதும் வீடுகள் குறைந்து, சகுவாரோ கள்ளிகள் மலைச்சரிவு முழுக்க நிற்கத் தொடங்கும். சாலை வளைந்து வளைந்து இறங்க, கடைசித் திருப்பத்தில்தான் ஏரி தெரியும். பழுப்புக்கு நடுவே நம்ப முடியாத நீலம். வெர்டி ஆற்றின் குறுக்கே 1936 முதல் 1939 வரை கட்டிய, பல வளைவுகளைத் தோளோடு தோள் நிறுத்தியதுபோன்ற கான்கிரீட் அணை இதைத் தேக்கி வைத்திருக்கிறது. ஃபீனிக்ஸின் பேரோ நரம்பியல் நிறுவனம் பல ஆண்டுகளாக இங்கே ‘ஏரியில் ஒரு நாள்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு நிகழ்ச்சியை நடத்துகிறது. முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள், மூளைக் காயம் பட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். ஜெட்ஸ்கி, கயாக், தண்ணீர்ச் சறுக்கு எல்லாம் உண்டு. சிகிச்சையாளர்களும் தன்னார்வலர்களும் தண்ணீருக்குள் நின்றே வேலை செய்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் ஓட்டத்தைப் பார்ப்பதைவிட ஏற்றுவதைப் பார்ப்பது பயன் தரும். நாற்காலியின் பிரேக்கைப் போடுகிறார்கள். ஒருவர் பின்னால் வந்து அக்குளுக்குக் கீழே கைகொடுத்து முன்கையைப் பற்றிக்கொள்கிறார். இன்னொருவர் முழங்காலுக்கு அடியில். மூன்றாமவர் கயாக்கைத் தொடையால் அணைத்து ஆடாமல் பிடிக்கிறார். எண்ணித் தூக்குகிறார்கள். இழுக்கக் கூடாது. ஈரமான கால்சட்டை இருக்கையில் உரசினால் தோல் வழன்றுவிடும். உணர்வில்லாத இடத்தில் அந்த வலி தெரியாது. இரண்டு நாள் கழித்துப் புண்ணாகத்தான் தெரியும், ஆற மாதங்கள் ஆகும். அதனால் கயாக்கின் இருக்கையிலும் நாற்காலியில் போடுவதுபோன்ற மெத்தை போடுகிறார்கள், குதிகாலுக்கு அடியில் பஞ்சு வைக்கிறார்கள். முதுகுக்குச் சாய்மானம், இரண்டு பக்கமும் மிதவை, விரல் மடங்காதவருக்குத் துடுப்போடு சேரும் கையுறை. இத்தனையும் முடிந்தபின் மெதுவாக ஒரு தள்ளு. பிறகு அவருக்கும் அடுத்த கயாக்கில் போகிறவருக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. மூன்று பேர் தேவைப்பட்டது கரையில் மட்டும்தான்.

ஆண்டில் ஒரு நாள் நடக்கும் விழாவால் என்ன பயன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடுபவர்களே கேட்கிறார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. அழைத்து வந்து, படம் எடுத்து, கைதட்டி, மாலையில் திருப்பி அனுப்பிவிட்டால் அது உரிமை ஆகாது. திருநாள் அன்னதானம் பசிக்கு நிரந்தரப் பதில் ஆகாததுபோல. ஆனாலும் அந்த ஒரு நாளை உதறிவிடக் கூடாது என்பேன். அடிபட்டுப் பல மாதம் மருத்துவமனையில் கிடந்தவருக்குத் தன் உடலால் இனி எது முடியும் என்று தெரியாது. வீட்டாருக்கு அதைவிடத் தெரியாது. அன்று தெரிந்துகொள்கிறார்கள். எப்படித் தூக்குவது என்று அண்ணன் கற்றுக்கொள்கிறார், எந்த இருக்கை பொருந்துகிறது என்று அடிபட்டவர் கற்றுக்கொள்கிறார். உண்மையான சோதனை அதற்குப் பிறகு வருகிறது. விழா இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, அண்ணன் மட்டும் துணைக்கு வர, அவர் அதே ஏரிக்கு வந்தால் தண்ணீரைத் தொட முடியுமா? முடியாது என்றால், விழாவன்று அங்கே இருந்த முப்பது கைகளின் வேலையைச் செய்யும் நிலையான துறை எதுவும் அந்தக் கரையில் இல்லை என்றே பொருள்.

அடுத்த ஆட்சேபம் கனமானது: வெயில். 2023 ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாட்கள் தொடர்ந்து ஃபீனிக்ஸில் 43 டிகிரிக்கு மேல் அடித்தது. மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு, அந்த இடத்துக்குக் கீழே பெரும்பாலும் வியர்க்காது. வியர்வை இல்லாத உடல் சுற்றுப்புறத்தோடு சேர்ந்து சூடாகிக்கொண்டே போகும். இன்னொரு ஆபத்தும் உண்டு: சிறுநீர்ப்பை நிரம்பினாலோ, வார் இறுகினாலோ, உணர்வில்லாத தொடையில் சூடு பட்டாலோ இரத்த அழுத்தம் திடீரென்று எகிறும், தலை பிளப்பதுபோல் வலிக்கும், உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கத்தைத் தளர்த்தி, காரணத்தைத் தேடிக் களையாவிட்டால் உயிருக்கே ஆபத்து. வெயிலில் நின்ற ஜெட்ஸ்கியின் கறுப்பு இருக்கை போதும் இதைத் தொடங்கிவைக்க. இப்படிப்பட்டவர்களைப் பாலைவனத்துக்கு ஏன் கூட்டி வர வேண்டும் என்று மருத்துவர்கள் சிலர் கேட்டால் அது அக்கறைதான்.

ஆனால் ஃபீனிக்ஸிலும் லாஸ் வேகஸிலும் அவர்கள் ஏற்கெனவே வாழ்கிறார்கள். யாரும் கூட்டி வரவில்லை. அந்த ஊரில் வாழ்பவருக்கு வெயிலிலிருந்து விடுதலை தருவது வீட்டுக்குள் குளிர்சாதனம், வெளியே தண்ணீர், இந்த இரண்டும்தான். இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பாலையின் காற்று வறண்டது. 43 டிகிரியில் ஈரப்பதம் 10 சதவீதமே இருந்தால், நிழலில் காற்றுபடத் தொங்கும் ஈரத் துணி 20 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்துவிடும். சென்னையில் 38 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு மே மாத நாளில் அதே துணி 30க்குக் கீழே இறங்காது. அதாவது வியர்க்காதவருக்கு வெளியிலிருந்து வியர்வையைக் கொடுக்க முடிந்த இடம் பாலைவன ஏரி. சட்டையை நனைத்துக்கொண்டே இருந்தால் போதும். காற்று மிச்ச வேலையைச் செய்யும். அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து தண்ணீர்வரை உள்ள தூரத்தில். 65 டிகிரிக்கு மேல் காயும் தார்த்தரை, தொட முடியாதபடி சுடும் சக்கர வளையம், நிழலில்லாத சரிவு. அந்தத் தூரம் இருபது அடியாக இருந்தால் வெயில் சமாளிக்கக்கூடியது. இருநூறு அடியானால் மருத்துவர் சொல்வது சரி. ஆட்சேபம் கடைசியில் நம்மைக் கரைக்கே கொண்டுவந்து விடுகிறது.

கரை எவ்வளவு தூரம் விலகும் என்பதைப் பார்க்க மீட் ஏரிக்குப் போக வேண்டும். ஃபீனிக்ஸிலிருந்து வடமேற்கே 400 கிலோமீட்டருக்கு மேல். கொலராடோ ஆற்றை 1935இல் கட்டி முடித்த ஹூவர் அணை மறித்து உண்டான ஏரி. கொள்ளளவில் அமெரிக்காவின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். அணையின் மேலிருந்து பார்த்தால் செங்கல் நிறப் பாறைகளைச் சுற்றி வெள்ளைப் பட்டை ஒன்று ஓடுகிறது. தண்ணீர் ஒருகாலத்தில் நின்ற உயரத்தை அதில் படிந்த தாதுக்கள் காட்டுகின்றன. 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த மட்டத்திலிருந்து 2022 ஜூலைக்குள் ஏரி சுமார் 170 அடி இறங்கியது. ஆவியாகப் போவது மட்டும் ஆண்டுக்கு ஆறடி. லாஸ் வேகஸ் பே, ஓவர்டன் பீச், எக்கோ பே என்று படகுத் துறைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரை இழந்தன. அந்தக் கோடையில் படகு இறக்க ஒழுங்காக மிஞ்சியது ஹெமன்வே துறை ஒன்றுதான்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போடலாம். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் வந்த 2010 அளவுமுறைகள் சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவைச் சொல்கின்றன: ஓரடி இறங்கப் பன்னிரண்டடி நீளம். 170 அடி இறங்க 2,040 அடி வேண்டும். அறுநூறு மீட்டருக்கு மேல். சட்டம் எழுதியவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் கரையிலிருந்து மிதவைத் துறைக்குப் போகும் நடைபாலம் 80 அடி நீளம் இருந்துவிட்டால் சரிவைப் பற்றிக் கேட்பதில்லை. 25 படகுக்குக் குறைவாக நிறுத்தும் சிறிய துறையானால் 30 அடியே போதும். 80 அடிப் பாலம் ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவில் ஆறரை அடிக்குச் சற்று மேலான இறக்கத்தைத்தான் தாங்கும். 30 அடிப் பாலத்தில் தண்ணீர் பத்தடி இறங்கினால் சரிவு ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. திடமான கைகளாலும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த முடியாது. ஆனாலும் சட்டப்படி அது சரியான பாலம். மட்டம் அதிகம் மாறாத ஏரிகளையும் கடலோரத்தையும் மனதில் வைத்தால் இது நியாயமான சமரசம். தண்ணீரே ஓடிப்போகும் பாலை ஏரியில் இந்தச் சலுகை, உள்ளே வா என்று எழுதிய பலகையைப் பூட்டிய கதவில் மாட்டியதுபோல் ஆகிவிடுகிறது.

இயற்கையான இடத்தை இயற்கையாக விட வேண்டாமா, கரை முழுவதையும் கான்கிரீட் ஆக்குவதா என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு இயற்கைமேல் அவர்களுக்குக் குறையாத அன்பு உண்டு. ஆனால் பார்ட்லெட்டும் மீடும் இயற்கை ஏரிகள் அல்ல. கான்கிரீட்டால்தான் அவை இருக்கின்றன. லாரி அளவு வண்டிகள் படகைப் பின்னால் கட்டிக்கொண்டு பின்பக்கமாக இறங்க, மலைச்சரிவை வெட்டி அகலமான சரிவுப்பாதைகள் ஏற்கெனவே போட்டாயிற்று. எட்டடிக்கு ஓரடி என்ற அளவில் சரிந்து இறங்கும் அந்தப் பாதைகள் வண்டிக்குச் சரி, நாற்காலிக்கு ஆகாது. அவை கண்ணை உறுத்துவதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தண்ணீர் இறங்க இறங்க, தேசியப் பூங்காத் துறை அந்தப் பாதைகளை நீட்டக் கோடிக்கணக்கான டாலர்களைச் செலவழித்திருக்கிறது. வருகிற மாற்றுத்திறனாளிகளோ சிலர்தான், அவர்களுக்காக இத்தனை செலவா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: செலவு எப்படியும் ஆகிறது, எந்தச் சரிவில், யாருக்காக என்பது மட்டும்தான் தீர்மானிக்கப்பட வேண்டியது. எண்ணிக்கையும் ஏமாற்றும். படிக்கட்டு மட்டும் உள்ள நூலகத்தில் நின்று, சக்கர நாற்காலியில் வருபவர் யாருமில்லையே என்று சொல்ல முடியுமா? மென்மையான சரிவு ஒன்று போட்டால் அதில் முதலில் வருபவர் பாட்டியாக இருப்பார். அடுத்து தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு தாய். அடுத்து ஐஸ்பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு கூட்டம்.

தொழில்நுட்பம் இல்லை என்பதும் காரணம் அல்ல. மீட் ஏரியின் மிதக்கும் படகுத் துறைகள், எரிபொருள் நிலையமும் உணவகமும் நூற்றுக்கணக்கான படகுகளும் சேர்ந்த முழுத் தெருக்கள், தண்ணீர் இறங்கும்போதெல்லாம் நங்கூரக் கம்பிகளைத் தளர்த்தியும் இழுத்தும் கரையோடு சேர்ந்து நகர்த்தப்படுகின்றன. ஒரு துறையையே ஏரியின் குறுக்கே இழுத்துக்கொண்டுபோய் வேறிடத்தில் கட்டியிருக்கிறார்கள். அவ்வளவு பெரியதை நகர்த்தத் தெரிந்தவர்களால் சாய்ந்த பாலம் ஒன்றைத் துண்டுதுண்டாகச் சேர்த்து நீட்டவும் சுருக்கவும் முடியும். சரிவு தாங்காத மட்டத்தில் மேலிருந்து கீழே கொண்டுவிட மின்வண்டி ஒன்று ஓட்டலாம். மிதவையின் ஓரத்தில், நாற்காலி உயரத்திலிருந்து கயாக் உயரத்துக்குப் படிப்படியாக இறங்கும் மாற்றுப்பலகை ஒன்றைப் பொருத்தலாம். மூன்று பேர் தூக்கும் இடத்தில் அவர் தாமே நகர்ந்து இறங்கிக்கொள்வார். டெம்பியில் இதெல்லாம் சுலபமாக இருப்பதற்குக் காரணம் அங்கே தண்ணீர் நகராதது. இங்கே தண்ணீர் நகர்கிறது. அதனால் துறையும் நகர வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இது தூரத்து ஊர்க் கதை அல்ல. 2022 நவம்பரில் மெரினாவில் சக்கர நாற்காலி செல்ல மரப்பாதை திறந்தபோது, முதன்முறையாக அலையைப் பக்கத்தில் பார்த்தவர்கள் நெகிழ்ந்ததைப் பலரும் செய்திகளில் பார்த்தோம். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் கடல்முனையைப் பிய்த்துப் போட்டது. பிறகு சரிசெய்தார்கள். அங்கும் பாதையைக் கட்டியவர்களுக்கு மணலைப் பற்றித் தெரிந்திருந்தது; கரை ஒரே இடத்தில் நிற்காது என்பதைப் புயல் வந்துதான் சொல்லியது.

மீட் ஏரியின் சரிவுப்பாதைகளில், கான்கிரீட் முடிந்த பிறகும் தண்ணீர் இன்னும் கீழே போய்விட்ட இடங்களில் தற்காலிகமாக ஒன்றைப் பரப்புகிறார்கள்: இரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்துச் செய்த, உருட்டி விரிக்கக்கூடிய பாய். சேற்றில் வண்டி புதையாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. படகு கட்டிய லாரியின் பெரிய டயர் அதன்மேல் கடகடவென்று ஏறித் தண்ணீர்வரை போய்விடும். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் நாலைந்து அங்குலம்தான். முதல் குழாய்க்கும் இரண்டாவது குழாய்க்கும் நடுவில் அது இறங்கி, குறுக்காகத் திரும்பி, நின்றுவிடும். தண்ணீர் அங்கிருந்து பதினைந்தடி.